ஸ்கோர் புத்தகத்தில் எழுதப்படாத பந்து



சென்ற வாரம் மூப்பர் கூட்டம் முடிந்ததும் இருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு விண்ணப்பம் வைத்தார்கள். கோடைகாலம் வந்துவிட்டது, நம் வாலிபர்களில் பலருக்கு ஞாயிறு ஆராதனையின் பிற்பகுதியில் மனம் நிலைகொள்வதில்லை. சிகாகோ கப்ஸ் அணி சொந்த மைதானத்தில் ஆடும் ஞாயிறுகளில் ஆட்டம் பெரும்பாலும் பிற்பகல் 1.20-க்கே தொடங்கிவிடுகிறது. ஆகவே ஆசீர்வாத ஜெபத்துக்கு ஆமென் சொன்ன கையோடு, ஐக்கிய விருந்துக்குக்கூட நில்லாமல், அடிசன் ரயில் நிலையத்தை நோக்கி ஓடுகிறார்கள். இது இக்காலத்து விக்கிரக ஆராதனை அல்லவா? போதகர் இதைக் கண்டித்து ஒரு செய்தி கொடுக்கவேண்டும் என்றார்கள்.

அந்தச் செய்தியை நான் கொடுக்கப்போவதில்லை. ஏன் என்பதை அவர்களிடம் பாதிதான் சொன்னேன். மீதியை உங்கள் அனைவருக்குமாக இங்கே எழுதுகிறேன். அது சற்று நீளமானது. அதற்குள் என் சொந்தத் தவறு ஒன்றும் இருக்கிறது.

மூப்பர்கள் கூறியது ஆதாரமற்றதன்று. நாம் ரசிகர் என்று அழைப்பவரை ஆங்கிலத்தில் 'ஃபேன்' என்கிறார்கள். அது 'ஃபனடிக்' என்ற சொல்லின் குறுக்கம். அதன் வேர் லத்தீன் மொழியின் 'ஃபானும்'. கோயில் என்று பொருள். கோயிலில் ஆவேசம் கொண்டு ஆடியவனைக் குறித்த சொல்தான் இன்று நீலத் தொப்பி அணிந்து தெருவில் நடக்கிறது. அக்டோபர் மாதத்தில் ரிக்லி ஃபீல்ட் மைதானத்தின் வாசலைப் பார்த்தவர்கள் அந்த வேரை மறுக்கமாட்டார்கள். நம் சபையிலேயே ஒரு சகோதரர், அணி வென்ற நாளில் உடுத்தியிருந்த சட்டையைத் துவைக்கக் கொடுக்காமல் வைத்திருக்கிறார் என்று அவருடைய மனைவி என்னிடம் முறையிட்டது உண்டு. பெயரைச் சொல்லமாட்டேன், அவர் இதைப் படிக்கிறார்.

ஆயினும் ஒரு ரசிகரை நான் பதினான்கு ஆண்டுகள் அருகிலிருந்து கவனித்திருக்கிறேன். அவரைப் பார்த்தபின் இவ்விஷயத்தில் எளிதாகக் கல்லெறிய எனக்குக் கை வரவில்லை.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நம்மில் பெரும்பாலோர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். ஒரு தொடர் என்றால் சில வாரங்கள், ஒரு தோல்வி என்றால் ஊரெல்லாம் துக்கம் என்று பழகியவர்கள். பேஸ்பாலின் கணக்கு வேறு. மார்ச் மாத இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் இறுதி வரை ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடவேண்டும். ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம். நூறு ஆட்டங்களில் வென்ற அணியை ஆண்டின் தலைசிறந்த அணிகளுள் ஒன்றாகக் கருதுவார்கள். அந்த அணியும் அறுபதுக்கும் மேற்பட்ட நாள்கள் தோற்றுத் தலைகுனிந்து வீடு திரும்பியிருக்கும். பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை நன்றாக அடித்தவரைச் சிறந்த ஆட்டக்காரர் என்பார்கள். ஏழு முறை தவறினார் என்பது அங்கே அவமானமாகாது.

இன்னொன்றும் உண்டு. பேஸ்பால் மைதானத்தின் ஸ்கோர் பலகையில் ஒவ்வோர் அணிக்கும் நேரே மூன்று எண்கள் இருக்கும்: ரன், ஹிட், எர்ரர். மூன்றாவது, தவறுகளின் எண்ணிக்கை. ஆட்டக்காரர் கைவிட்ட பந்தையும் பிசகாக எறிந்த பந்தையும் எண்ணி, ஆயிரக்கணக்கானோர் பார்க்க உயரத்தில் மாட்டிவைக்கிறார்கள். ரிக்லி ஃபீல்டில் 1937-இல் நிறுவிய அந்தப் பலகையின் எண்களை இன்றும் உள்ளே நிற்கும் மனிதர்கள் கையால்தான் மாற்றுகிறார்கள். தவறுக்கென்று தனியே ஒரு பத்தி ஒதுக்கிய இந்த ஆட்டத்தை முதன்முதலில் பார்த்தபோது, இது இரக்கமற்ற விளையாட்டு என்று எண்ணினேன். பிற்பாடு அந்த எண்ணம் மாறிற்று.

நான் இந்த நகரத்துக்கு ஊழியத்துக்காக வந்தது 2001-இல். நாங்கள் குடியேறிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், அப்போது எழுபது வயது. நம் சபைக்கும் நம் மொழிக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மாலை வேளைகளில் அவருடைய அடுக்களை ஜன்னல் வழியாக வானொலியின் சத்தம் கேட்கும். ஒருநாள் குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைக்கவேண்டும் என்று கேட்கப் போனவனை உட்காரவைத்து, மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து கேட்கச் செய்தார். அன்று தொடங்கியது.

மேசைமேல் வானொலி, ஒரு பென்சில், ஒரு ரப்பர், ஒரு ஸ்கோர் புத்தகம். இவ்வளவுதான் அவருடைய ஆயத்தம். மைதானத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் உண்டு: பந்து வீசுபவருக்கு 1, அவருக்கு எதிரே குந்தியிருந்து பிடிப்பவருக்கு 2, இப்படியே போய் ஷார்ட்ஸ்டாப்புக்கு 6, வலக்கோடியில் நிற்பவருக்கு 9. ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்து ஒருவரை அவுட் ஆக்கினால் 6-3 என்று கட்டத்துக்குள் எழுதவேண்டும். தவறு செய்தால் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் அவருடைய எண்ணும். இவ்வாறு ஒரு தாளில் முழு ஆட்டமும் அடங்கிவிடும். அவர் காகிதத்தை வீணாக்கமாட்டார். ஒரு பருவம் முடியும்போது புத்தகத்தில் தாள்கள் மீந்திருந்தால் அடுத்த பருவத்தை அதிலேயே தொடங்குவார்.

நீங்கள் கவனிக்கவேண்டியது அவர் பின்தொடர்ந்த அணி எது என்பதை. சிகாகோ கப்ஸ் வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை 1908-இல் வென்றது. அதற்குப் பிறகு வெல்லவில்லை. 1945-இல் இறுதித் தொடர் வரை வந்து டெட்ராய்ட் அணியிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. அதை வீட்டு வானொலியில் கேட்டபோது நம் பெரியவருக்கு வயது பதினான்கு. அதற்கப்புறம் இறுதித் தொடருக்கே வரவில்லை. 1969-இலும் 1984-இலும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று.

இதற்கு ஊர் ஒரு காரணம் சொல்லிவந்தது. பில்லி சியானிஸ் என்ற மதுக்கடைக்காரர் 1945-இல் தம் வெள்ளாட்டை மைதானத்துக்கு அழைத்துவந்தாராம், நாற்றம் வீசுகிறது என்று ஆட்டை வெளியேற்றினார்களாம், அவர் சாபமிட்டாராம். பெரியவர் இந்தக் கதையைச் சற்றும் பொருட்படுத்தியதில்லை. "ஆடு பந்து வீசவில்லை, பாஸ்டர். ஆடு மட்டையும் பிடிக்கவில்லை" என்பார். நாங்கள் இருவரும் சிரிப்போம். ஆனால் ஆடு என்றதும் எனக்கு லேவியராகமத்தின் பதினாறாம் அதிகாரம் நினைவுக்கு வராமல் இருக்காது. பிரதான ஆசாரியன் உயிருள்ள வெள்ளாட்டின் தலையில் இரு கைகளையும் வைத்து, ஜனத்தின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். போக்காடு என்று நம் வேதாகமம் அதை அழைக்கிறது. அந்த ஆடு செய்த குற்றம் ஒன்றும் இல்லை.

2003 அக்டோபர் 14. இந்த நாளை இவ்வூரில் நாற்பது வயதைக் கடந்த எவரிடமும் கேட்டுப்பாருங்கள், முகம் மாறும். வேர்ல்ட் சீரிஸுக்குள் நுழைய ஒரே ஒரு வெற்றி தேவை. ஃபுளோரிடா மார்லின்ஸ் அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ், கப்ஸ் 3-0 என்று முன்னணியில் இருந்தது, ஒருவர் அவுட். இன்னும் ஐந்து பேரை அவுட் ஆக்கினால் போதும். பெரியவரின் அடுக்களையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

மார்லின்ஸ் ஆட்டக்காரர் லூயிஸ் கஸ்டியோ அடித்த பந்து இடது ஓரத்தில், பார்வையாளர் வரிசையின் விளிம்பை நோக்கி உயர்ந்து சென்றது. கப்ஸ் வீரர் மொய்சேஸ் அலூ சுவரோரம் எம்பினார். அதே கணத்தில் முன்வரிசையில் இருந்த பலரும் பந்துக்காகக் கையை நீட்டினார்கள். ஒருவருடைய கையில் பந்து பட்டது. அலூ பிடிக்கவில்லை, பந்து ஃபவுல் ஆயிற்று, பேட்டர் தொடர்ந்து ஆடினார். பார்வையாளர் இடையூறு செய்தார் என்று நடுவர்கள் தீர்ப்பளிக்கவில்லை. ஆட்டவிதிப்படி நடந்தது அவ்வளவுதான்.

அதன்பின் நடந்தது வேறு. கஸ்டியோ நடையாய் முதல் பேஸை அடைந்தார். அடுத்தவர் அடித்தார், ஒரு ரன் வந்தது. மிகேல் கப்ரேரா அடித்த பந்து நேராக ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் கான்சாலஸிடம் வந்தது. இன்னிங்ஸையே முடித்துவைத்திருக்கக்கூடிய பந்து. அவர் அதைத் தவறவிட்டார். பிறகு அணை உடைந்தது. அந்த ஓர் இன்னிங்ஸில் எட்டு ரன்கள். ஆட்டம் 8-3. மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் 9-6. பருவம் முடிந்தது.

கையை நீட்டிய அந்த மனிதர் கப்ஸ் அணியின் ரசிகர். தலையில் கப்ஸ் தொப்பி, காதில் வானொலி. நாங்கள் அடுக்களையில் கேட்டுக்கொண்டிருந்ததைப் போலவே அவரும் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டே பார்த்திருக்கிறார். சில நிமிடங்களில் மைதானம் முழுவதும் அவர்மேல் திரும்பியது. பியரை அவர்மேல் ஊற்றினார்கள். கெட்ட வார்த்தைகளால் கூட்டமாகக் கத்தினார்கள். காவலர்கள் அவரை மறைத்து வெளியே கொண்டுபோகவேண்டியதாயிற்று. வீட்டுக்குக் காவல் போட்டார்கள். அவர் மன்னிப்புக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். ஃபுளோரிடா ரசிகர்கள் அவருக்கு அனுப்ப முன்வந்த பரிசுகளை நீரிழிவு நோயுள்ள சிறாருக்கான அறநிதிக்குக் கொடுத்துவிடக் கேட்டுக்கொண்டார். பின்பு பொதுவெளியிலிருந்தே மறைந்துபோனார். கதை சொல்லப் பணம் தருவதாக வந்தவர்களையெல்லாம் மறுத்துவிட்டார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அவருடைய பெயரை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊர் அதைப் போதுமான அளவு சொல்லிவிட்டது.

அந்தப் பந்தை ஏலத்தில் 1 லட்சத்து 13 ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, 2004 பிப்ரவரியில் தொலைக்காட்சிப் படக்கருவிகளின் முன்னே வெடிவைத்துத் தகர்த்தார்கள். வேடிக்கைதான். அணியின்மேல் கொண்ட அன்பினால் செய்த வேடிக்கை என்றும் சொல்வார்கள். அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனெனில், அன்றிரவு அந்த அடுக்களையில் கோபத்தில் கத்தியவன் நான். எனக்கு அந்த அணியோடு இரண்டே ஆண்டுப் பழக்கம். ஐம்பத்தெட்டு ஆண்டுகளாகக் காத்திருந்தவர் எதிரே அமைதியாக எழுதிக்கொண்டிருக்க, ஊழியக்காரனாகிய நான், "அந்த மனிதன் வீட்டில் இருந்திருக்கக் கூடாதா?" என்றேன். பெரியவர் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பந்து நேராக வருகிறது, நீங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பீர்களா? நான் இருக்கமாட்டேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "அதற்குப் பிறகும் ஐந்து அவுட் நம் கையில்தான் இருந்தது" என்றார். வானொலியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

அன்பானவர்களே, இனிச் சொல்வது நம் வீட்டுக் கதை.

2005 கிறிஸ்துமஸ் உங்களில் பழைய சபையாருக்கு நினைவிருக்கும். நமக்கு அப்போது சொந்தக் கட்டடம் இல்லை. பண்டிகை ஆராதனைக்கும் பிள்ளைகளின் நாடகத்துக்கும் ஓர் அரங்கத்தை வாடகைக்குப் பேசியிருந்தோம். பனி கொட்டும் மாலை. மேய்ப்பர் வேடமும் தேவதூதர் வேடமும் அணிந்த பிள்ளைகளோடு, பிரியாணிப் பாத்திரங்களோடு, நாம் அத்தனை பேரும் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றோம். அரங்கம் மறுநாளுக்குப் பதிவாகியிருந்தது. ஏற்பாட்டைக் கவனித்தவர் ஒரு வாலிபர்; வேலைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாதவர்; சபைக்காக ஓடியோடி உழைத்தவர். அந்தப் பனியில் எல்லாக் கண்களும் அவர்மேல் திரும்பின. ஒரு பெரியவர் கையை ஓங்கியேவிட்டார். குளிரில் அழுத பிள்ளைகளைக் காட்டித் தாய்மார்கள் பேசினார்கள். "இவனை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தது யார்?" என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இரண்டு வாரங்களுக்குப் பிறகு கோப்பை ஒழுங்குபடுத்தும்போது அந்த ஒப்பந்தத் தாளைப் பார்த்தேன். தவறான தேதி தெளிவாக அச்சாகியிருந்தது. அடியில் என் கையொப்பம். படிக்காமல் கையெழுத்திட்டிருந்தேன். என்னோடு செயற்குழுவில் இன்னும் மூவர் பார்த்துக் குறிப்பெழுத்து இட்டிருந்தார்கள். எர்ரர் என்று எழுதுவதானால் நான்கு பேர் எண்களை எழுதவேண்டும். நாங்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வாலிபர் ஜனவரியிலிருந்து சபைக்கு வரவில்லை. "பாவம், வெட்கப்படுகிறான்" என்று நாம் சொல்லிக்கொண்டோம். அப்படிச் சொல்வது நமக்கு வசதியாக இருந்தது.

ஏப்ரலில் புதிய பருவம் தொடங்கியபோது அடுக்களை மேசையில் இதைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டார். இன்னிங்ஸ் முடிந்தபின், "அந்தப் பையனைப் போய்ப் பார்த்தீர்களா?" என்றார். இல்லை என்றேன். அடுத்த இன்னிங்ஸுக்குப் பெயர்களைச் சரிபார்க்கத் தொடங்கினார், வேறொன்றும் கேட்கவில்லை.

அந்த வாரமே போனேன். அவர் கதவைத் திறந்து உள்ளே அழைத்து, தேநீர் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் மரியாதையோடு கேட்டார். தாளைக் காட்டினேன். மறுவாரம் ஆராதனையில் அதை வாசித்து என் தவறை அறிக்கையிட்டேன். உங்களில் சிலர் அன்று இருந்தீர்கள். ஆனாலும் அவர் திரும்பி வரவில்லை. இன்று வேறொரு சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியராக இருக்கிறார் என்று கேள்விப்படுகிறேன். அவர்கள் பாக்கியசாலிகள்.

ஆகவே மூப்பர்களுக்கு என் பதில் இதுதான். பேஸ்பாலை நேசிப்பது விக்கிரக ஆராதனையா என்ற கேள்வியைவிட, நேசித்தது கைநழுவிப் போகும்போது நாம் யாரைத் தேடிப் பிடிக்கிறோம் என்ற கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வெற்றியின்போது எல்லா ரசிகர்களும் ஒரே மாதிரி இருப்பார்கள். தோல்வியின் இரவில் பிரிந்துபோகிறார்கள். ஒருவர் பியர்க் கோப்பையை எறிகிறார். ஒருவர் பென்சிலை எடுத்து, நடந்தது நடந்தபடியே எழுதுகிறார். இருவரும் நீலத் தொப்பிதான் அணிந்திருக்கிறார்கள். ஆலயத்திலும் அப்படியே. வாலிபர்கள் ஐக்கிய விருந்துக்கு நின்று பாத்திரம் கழுவிவிட்டுப் போனால் எனக்கு மகிழ்ச்சி. முதல் இரண்டு இன்னிங்ஸ் தவறினால் பெரிய நஷ்டம் இல்லை. அதைத் தனியே அவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். பிரசங்க மேடையிலிருந்து கைநீட்டிக் குற்றம்சாட்ட நான் தகுதியானவன் அல்லேன்.

பெரியவரின் பொறுமையை முழுதாக அறிந்தது 2012-இல். அந்த ஆண்டு கப்ஸ் 101 ஆட்டங்களில் தோற்றது. ஆகஸ்டு மாதத்து வெக்கையில், வெல்ல வாய்ப்பே இல்லாத அணிகளோடு ஆடும் பொருளற்ற ஆட்டங்களையும் அவர் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு எண்பத்தொரு வயது. கை நடுங்கத் தொடங்கியிருந்தது. இதை ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "இன்று அவர்கள் ஆடுகிறார்கள் அல்லவா?" என்றார். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வருகிறவர்களை நாம் அறிவோம். அக்டோபருக்கு மட்டும் வரும் ரசிகர்களை அவர் அறிவார். அவர்களைக் குறைகூறியதும் இல்லை. கூட்டம் வந்தால் ஆட்டக்காரர்களுக்கு உற்சாகம் என்பார்.

2015 பிப்ரவரியில் அவர் கண்மூடினார். மறு ஆண்டு கப்ஸ் வென்றது.

2016 நவம்பர் 2-ஆம் தேதி இரவை நீங்கள் அறிவீர்கள். கிளீவ்லாந்து நகரத்தில் ஏழாவது ஆட்டம். அங்கும் ஒரு தவறு நடந்தது; அதை யாரும் இப்போது நினைவுகூர்வதில்லை. டேவிட் ராஸ், 39 வயது, ஓய்வுபெறப்போகும் கேட்சர், ஐந்தாவது இன்னிங்ஸில் களமிறங்கியதும் பந்தைப் பிசகாக எறிந்தார். எர்ரர். சற்று நேரத்தில் தரையில் பட்டுவந்த ஒரு பந்து அவருடைய முகக்கவசத்தில் மோதித் தெறிக்க, எதிரணி இரண்டு ரன்களை எடுத்துவிட்டது. ஆறாவது இன்னிங்ஸில் அதே ராஸ் ஹோம் ரன் அடித்தார். எட்டாவது இன்னிங்ஸில் எதிரணி ஆட்டத்தைச் சமன் செய்தது. மழை வந்து பதினேழு நிமிடம் நிறுத்தியது. பத்தாவது இன்னிங்ஸில் பென் சோப்ரிஸ்ட் அடித்த அடியில் கப்ஸ் மீண்டும் முந்தியது. 8-7 என்று முடிந்தது. சோப்ரிஸ்ட் ஒரு போதகரின் மகன் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். என் பிள்ளைகளிடம் அதை இருமுறை சொன்னேன், அவர்களுக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. 108 ஆண்டுகள். மறுநாள் தெருவெல்லாம் நீலம்.

அந்த நாள்களில் ரிக்லி ஃபீல்டின் வெளிச்சுவர் செங்கற்களில் மக்கள் சாக்கட்டியால் பெயர்களை எழுதத் தொடங்கினார்கள். தங்கள் பெயர்களை எழுதியோர் சிலர். தாத்தா, பாட்டி, தந்தை, அண்ணன் என்று, காத்திருந்து காணாமலே போனவர்களின் பெயர்களை எழுதியோர் மிகப் பலர். எட்டிய உயரம் வரை எழுதி, இடமில்லாமல் ஏணி போட்டும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறியும் எழுதினார்கள். பெரியவரின் மகள் என்னைக் கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் போனோம். எபிரெயர் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தை எத்தனையோ அடக்க ஆராதனைகளில் வாசித்திருக்கிறேன். வாக்குத்தத்தத்தைத் தூரத்திலே கண்டு மரித்தவர்களின் பட்டியல் அது. ஒரு விளையாட்டு மைதானச் சுவரில் அதை நினைத்துக்கொண்டு நிற்பேன் என்று வேதாகமக் கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எருசலேம் தேவாலயத்தில் சிமியோன் கண்டான். சிமியோனோடு காத்திருந்து காணாமற்போனவர்களும் அங்கே இருந்திருப்பார்கள் அல்லவா என்று மட்டும் தோன்றியது.

2003-இல் கையை நீட்டியவருக்கு 2017-இல் கப்ஸ் நிர்வாகம் வெற்றி மோதிரம் ஒன்றை அளித்தது. அவர் அதைப் பணிவோடு ஏற்றுக்கொண்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்து. நகரம் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக இதைச் சிலர் எழுதினார்கள். மோதிரம் எவ்வளவு தூரம் அந்த வேலையைச் செய்யும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பெரியவரின் வீட்டை ஒழித்தபோது, அவருடைய மகள் எனக்கு ஒரு ஸ்கோர் புத்தகத்தைக் கொடுத்திருந்தாள். வெகுநாள் திறக்காமல் வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தை எழுதுவதற்காக நேற்றிரவு அதை எடுத்து, 2003 அக்டோபர் 14-ஆம் தேதிப் பக்கத்தைத் தேடினேன். எட்டாவது இன்னிங்ஸின் பத்தி இருக்கிறது. கஸ்டியோவின் கட்டத்தில் அவர் நடையாய்ப் போனதற்கான குறி மட்டும் இருக்கிறது. பிடிபடாத ஃபவுல் பந்தை அவர் எழுதுவதில்லை; அவர் எனக்குக் கற்றுத்தந்த முறையில் அதற்கு ஓர் அடையாளமே கிடையாது. ஆகவே ஊர் முழுதும் வெடிவைத்துத் தகர்த்த அந்தப் பந்து அவருடைய புத்தகத்தில் இல்லை. இரண்டு கட்டங்கள் தள்ளி, கப்ரேராவின் பெயருக்கு நேரே, அழுத்தாமல், சாதாரணமாக, 'ஈ' என்ற எழுத்தும் 6 என்ற எண்ணும்.

அடுத்த தாள் மறுநாளினுடையது. அதற்கடுத்த தாள் 2004 ஏப்ரல். புதிதாகச் சீவிய பென்சிலால் ஒன்பது பேரின் பெயர்களையும் அழகாக எழுதியிருக்கிறார். 6 என்ற எண்ணுக்கு நேரே கான்சாலஸ்.